அந்த எண்ணை வைத்து எதை மாற்றுவார்கள்?

ரத்தத்தில் உள்ள அமினோ அமிலங்களை அளந்து பார்த்தால், லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு நோய் குணமாகுமா, திரும்பி வருமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற பேச்சு ஆய்வு இதழ்களைத் தாண்டி வாட்ஸாப் வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமங்கலத்துப் பக்கம் மல்லி போட்டிருக்கும் எங்கள் மாமா அப்படி ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டு, கையோடு போனும் செய்தார். "ஏங் கண்ணு, இந்த டெஸ்ட்டு எடுத்தா நம்ம பாப்பாவுக்கு எப்படி ஆகும்னு தெரிஞ்சுருமாமா? எச்சாப் பணமானாலும் பரவால்ல, எங்க எடுக்கறாங்கன்னு மட்டும் சொல்லு."

பாப்பா அவருடைய பேத்தி. லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா. முதல் கட்டச் சிகிச்சை முடிந்து அடுத்த கட்டத்தில் இருக்கிறாள். நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால், வீட்டில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதலில் எனக்குத்தான் வரும். போனில் சொன்னது பாதி. மீதியை எழுதிவிடுகிறேன், இதே கேள்வியோடு வேறு குடும்பங்களும் இருப்பார்கள்.

முதலில் என்ன அளக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். ரத்தக் குழாயைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் அடியில் சிவப்பணு, மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு நிற்கும். அந்தக் கோடுதான் வெள்ளையணுக்கள். சாதாரண ஆளுக்கு உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளையணு லட்சக்கணக்கில் ஏறிய லுகீமியா நோயாளியின் குழாயில் அது கோடாக இருக்காது, நல்ல தடிமனான பட்டையாகவே படிந்திருக்கும். எத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தாலும் அப்படி ஒரு குழாயை எடுக்கும்போது கை ஒரு நொடி நின்றுவிடுகிறது, பெயருக்குப் பக்கத்தில் வயதைப் பார்க்கச் சொல்லி.

அந்தப் பட்டையில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் பெருகுவதற்குப் புரதம் கட்ட வேண்டும். புரதம் கட்ட 20 வகை அமினோ அமிலங்கள் தேவை. அதில் 9 வகையை நம் உடம்பால் செய்ய முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். மற்றவற்றை உடம்பே செய்துகொள்ளும். புற்றுச் செல்கள் இவற்றை மேலே நிற்கும் அந்த மஞ்சள் பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கின்றன, வேண்டாததை அதிலேயே கொட்டவும் செய்கின்றன. அப்படியானால் பிளாஸ்மாவில் எது குறைகிறது, எது கூடுகிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், அதாவது பொருட்களை எடையால் பிரித்து அளக்கும் கருவியில், பார்த்தால், நோயின் வேகமும் குணமும் தெரிய வேண்டும் அல்லவா? இதுதான் அடிப்படை எண்ணம். நல்ல எண்ணம்தான். வெறும் ஊகமும் இல்லை, இதற்கு எழுபது வருஷத்து வேர் இருக்கிறது.

1953-ல் நியூயார்க்கில் ஜான் கிட் என்ற ஆய்வாளர் லிம்ஃபோமா என்ற புற்றுக் கட்டி உள்ள எலிகளுக்குக் கினிப்பன்றியின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) ஊசியில் ஏற்றினார். கட்டி கரைந்தது. குதிரையின் சீரத்தைப் போட்டால் கரையவில்லை, முயலின் சீரத்துக்கும் கரையவில்லை. கினிப்பன்றி ரத்தத்தில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு 1961-ல் ஜான் புரூம் விடை சொன்னார். அஸ்பராஜினேஸ் என்ற நொதி. அது ரத்தத்தில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை உடைத்துப் போட்டுவிடும். நம் உடம்பின் பெரும்பாலான செல்களுக்கு இதனால் பெரிய கஷ்டம் இல்லை, தமக்கு வேண்டிய அஸ்பராஜினைத் தாமே செய்துகொள்ளும். லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா செல்களுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு, ரத்தத்தில் வருவதை நம்பித்தான் பிழைக்கின்றன. அந்த வரவை நிறுத்தினால் சாகின்றன. பிறகு ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து இதே நொதியை நிறைய எடுக்க முடிந்ததும் மருந்தானது. இன்று உலகம் முழுக்க இந்த நோய் வந்த குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளில் இது முக்கியமானது. பாப்பாவுக்கும் போட்டார்கள்.

இங்கே நம் பக்கத்து மனிதர் ஒருவரையும் சொல்லிவிட்டுப் போகிறேன், சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினுக்கு எதிரான சேர்மங்களை உருவாக்கும் பணியை நடத்தினார். அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்து, லுகீமியா தற்காலிகமாக அடங்கியதை 1948-ல் எழுதினார். அதுவரை மருந்து என்று ஒன்று இல்லாத நோய் அது. சுப்பாராவ் அதே வருஷம் இறந்துவிட்டார். அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத்தான் பாப்பா பின்னால் பராமரிப்புக் கட்டத்தில் வாரம் ஒருமுறை விழுங்கப் போகிறாள். செரின், கிளைசின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து டி.என்.ஏ.வுக்குக் கார்பன் போகும் வழியை அடைப்பதுதான் அதன் வேலை. ஆக, லுகீமியா வைத்தியம் தொடங்கிய நாளிலிருந்தே அமினோ அமிலங்களின் பக்கத்திலேயேதான் இருந்துவருகிறது.

அஸ்பராஜின் கதையை யாரோ மாமா வீட்டில் அரைகுறையாகச் சொல்லிவிட, அத்தை பாப்பாவுக்கு முட்டையை நிறுத்திவிட்டார். பருப்பையும் குறைத்துவிட்டார். "ஊசி போட்டு அந்தச் சத்தைக் குறைக்கறாங்கன்னா, நாம சாப்பாட்டுலயே குறைச்சா நல்லதுதானுங்களே" என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அஸ்பராஜின் உடம்பே செய்துகொள்ளும் வகை. தட்டில் குறைத்தால் உடம்பே செய்து ரத்தத்தில் விட்டுவிடும், புற்றுச் செல்லுக்கு ஒரு குறையும் வராது. ரத்தத்தில் வரவரத் தொடர்ந்து உடைக்கும் நொதி இருந்தால்தான் அளவு கீழே இறங்கும். முட்டையை நிறுத்தியதால் இளைப்பது குழந்தை மட்டும்தான். ஸ்டீராய்டு ஓடும் நாட்களில் தசை கரைந்து கால் குச்சியாகிவிடும், இன்னொரு பக்கம் பசி தாங்காது. அர்த்த ராத்திரியில் எழுந்து அரிசிம்பருப்புச் சோறு கேட்கும் குழந்தைக்கு அதைக் கொடுக்க வேண்டும், நெய் எவ்வளவு என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்கு முட்டையை மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

நெய்யைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த நொதி ஊசியும் ஸ்டீராய்டும் சேர்ந்து போகும் வாரங்களில் சில குழந்தைகளின் குழாயில் மேலே நிற்பது மஞ்சளாக இருக்காது, பால் மாதிரி வெளுத்திருக்கும். ரத்தக் கொழுப்பு அவ்வளவு ஏறியிருக்கும். கணையம் வீங்கலாம், ரத்தம் உறையலாம். வயிறு பொறுக்க முடியாமல் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சரி, அமினோ அமிலம் சம்பந்தப்பட்ட ரத்தப் பரிசோதனை எதுவும் இன்று உருப்படியாக உதவுகிறதா என்றால், ஒன்று உதவுகிறது. அதற்கு அந்த வாட்ஸாப் செய்தியில் இடமே இல்லை. அஸ்பராஜினேஸ் ஊசி போட்ட பிறகு அந்த நொதி ரத்தத்தில் எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அளக்கும் பரிசோதனை அது. சில குழந்தைகளின் உடம்பு இந்த நொதியை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்ப்புப் பொருள் செய்துவிடும். அரிப்பு, மூச்சுத்திணறல் என்று ஒவ்வாமை வெளியே தெரிந்தால் டாக்டர் ஊசியை மாற்றுவார். சில குழந்தைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. ஊசி போகும், பில் வரும், குழந்தை நன்றாக விளையாடும், ரத்தத்தில் மருந்து மட்டும் வேலை செய்யாது. ஒரு மில்லி பிளாஸ்மாவில் 0.1 யூனிட்டாவது இருக்க வேண்டும் என்பது பொதுவாக வைத்திருக்கும் எல்லை. அதற்குக் கீழே போய்விட்டால் எர்வினியா என்ற வேறொரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் நொதிக்கு மாறலாம். அது விலை அதிகம், எல்லா நேரமும் கிடைப்பதும் இல்லை. ஆனாலும் மாற வழி இருக்கிறது. அமெரிக்காவில் டானா ஃபார்பர் புற்றுநோய் மையத்தின் குழுவினர் இந்த அளவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக மருந்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தபோது பலன் கூடியது என்று 2013-ல் எழுதினார்கள். அளந்த எண், கையில் மாற்ற ஏதோ ஒன்றைக் கொடுத்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

மைலாய்டு வகை லுகீமியாவில் இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. ரத்தத்தில் மிக அதிகமாக ஓடும் அமினோ அமிலம் குளூட்டமின். செல்லுக்குள் போனதும் அது குளூட்டமேட்டாகி, பிறகு ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் என்ற பொருளாகும். சில நோயாளிகளின் புற்றுச் செல்களில் ஐ.டி.எச். என்ற மரபணு திரிந்துபோய், அந்தப் பொருளை 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேண்டாத ஒன்றாக மாற்றித் தள்ளும். செல் முதிர்ந்து ஒழுங்கான ரத்த அணுவாக ஆவதை அது தடுத்துவிடும். அது செல்லோடு நிற்காமல் ரத்தத்திலும் கலப்பதால் சீரத்திலேயே அளக்க முடிகிறது. ஐ.டி.எச். திரிந்த நோயாளிக்கு அது ஏறியிருக்கும், கீமோவுக்கு நோய் அடங்கினால் இறங்கும். அடங்கியதாகத் தோன்றும் நேரத்திலும் இறங்காமல் நின்றால் நல்ல அறிகுறி இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. இந்தத் திரிபைக் குறிவைத்தே 2017-ல் எனாசிடெனிப், 2018-ல் ஐவோசிடெனிப் என்று இரண்டு மாத்திரைகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்கேயும் எண்ணுக்குப் பின்னால் ஒரு மருந்து நிற்கிறது.

மற்றவை இன்னும் ஆய்வகத்தில்தான். லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று கிளை அமினோ அமிலங்களைக் கையாளும் பிகேட்1 என்ற நொதி, முற்றிய நாட்பட்ட மைலாய்டு லுகீமியாவிலும் தீவிர மைலாய்டு லுகீமியாவிலும் கூடியிருக்கிறது என்று 2017-ல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் காட்டின. டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் உடைந்து வரும் கைனுரெனின் என்ற பொருள் நோயெதிர்ப்புச் செல்களை மந்தமாக்குகிறது. அது ரத்தத்தில் அதிகமாக இருந்த மைலாய்டு நோயாளிகளுக்குப் பலன் குறைவாக இருந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. எல்லாமே படிக்க ஆர்வமாக இருக்கும். நானே இரவு உட்கார்ந்து படிப்பேன்.

ஆனால் கைனுரெனின் காசநோயிலும் ஏறும், சாதாரணத் தொற்றுக் காய்ச்சலிலும் ஏறும். கீமோ எடுக்கும் நோயாளிக்குக் காய்ச்சல் வராத மாதம் எது? ஏறியது நோயாலா, காய்ச்சலாலா என்று அந்த ஒற்றை எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு தசையைக் கரைத்தால் அதிலிருந்து அமினோ அமிலங்கள் ரத்தத்துக்கு வரும். கிட்னி சரியில்லை என்றால் அளவு மாறும், சத்துக் குறைவான குழந்தைக்கு வேறு மாதிரி மாறும். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் மாறும்.

இதெல்லாம் நோயாளிக்குள் நடப்பது. குழாய்க்குள் நடப்பதுதான் எங்கள் ஆய்வகத்துக் கவலை. எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வெயிலில் வைத்திருந்தால் குளூட்டமின் குறைந்து குளூட்டமேட் கூடிக்கொண்டே போகும். எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் ஆர்ஜினேஸ் என்ற நொதி வெளியே வந்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தின்றுவிடும். புளியம்பட்டியிலோ அன்னூரிலோ ரத்தம் எடுத்து, கொரியர் பையில் போட்டு, பஸ்ஸில் காந்திபுரம் வந்து, அங்கிருந்து ஏதோ ஒரு பெரிய நகரத்து ஆய்வகத்துக்குப் போகிற குழாய் ஐஸில் வந்ததா, எத்தனை மணிக்குச் சுற்றினார்கள் என்பது தெரியாமல் அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? தாளில் அச்சாகி வரும்போது எல்லா எண்ணும் ஒரே மாதிரி நம்பிக்கையாகத்தான் தெரியும்.

இன்னொன்று கணக்கு சம்பந்தப்பட்டது. ஐம்பது அறுபது நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அமினோ அமிலங்களையும் அவை உடைந்து வரும் பொருட்களையும் டஜன்கணக்கில் அளந்தால், குணமானவர்களையும் ஆகாதவர்களையும் பிரித்துக் காட்டும் ஏதோ ஒரு சேர்க்கை தற்செயலாகவே கிடைத்துவிடும். அதே சேர்க்கையை வேறு ஊரில், வேறு நோயாளிகளிடம், முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுச் சோதித்தால்தான் அது நிஜமா என்று தெரியும். அந்த இரண்டாவது படியைத் தாண்டிய அமினோ அமிலப் பட்டியல் எதையும், குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியாவில் சிகிச்சையை முடிவுசெய்ய டாக்டர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை.

அவர்கள் பயன்படுத்துவது வேறு. வயது 1-லிருந்து 10-க்குள் இருக்கிறதா, நோய் தெரியும்போது வெள்ளையணு 50,000-க்குக் கீழே இருந்ததா, குரோமோசோமில் பிலடெல்ஃபியா என்று பெயர் வைத்த மாற்றம் போன்றது ஏதும் உண்டா, முதல் வாரத்து ஸ்டீராய்டுக்கு நோய் அசைந்து கொடுத்ததா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் கட்டம் முடிந்ததும் எலும்பு மஜ்ஜையில் பதினாயிரத்தில் ஒரு புற்றுச் செல்லாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர்.டி. பரிசோதனை. மிச்சம் இருந்தால் கீமோவை வலுப்படுத்துவார்கள், மஜ்ஜை மாற்றம் வரை யோசிப்பார்கள். ஒவ்வொரு விடைக்கும் பின்னால் அடுத்து என்ன என்பது எழுதி வைத்திருக்கிறது.

மாமாவிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் நடுவிலேயே பிடித்துக்கொண்டார். "மண்ணு பரிசோதனைக்குக் குடுத்தா, தழைச்சத்து இத்தனை, மணிச்சத்து இத்தனைன்னு எழுதி, கீழ என்ன உரம் எத்தனை போடோணும்னும் எழுதியிருப்பான் கண்ணு. அது இல்லீன்னா அந்தக் காயிதத்தை வெச்சு நான் என்ன பண்றது?" எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. இந்த எண் கூடுதலாக வந்தால் வைத்தியத்தில் எதை மாற்றுவீர்கள், குறைவாக வந்தால் எதை மாற்றுவீர்கள் என்று பரிசோதனையை விற்பவரிடம் கேட்க வேண்டும். இரண்டுக்கும் "ஒன்றும் மாற்ற மாட்டோம்" என்றுதான் பதில் என்றால், அந்தக் காசு குடும்பத்துக்குப் பயத்தை மட்டும்தான் வாங்கித் தரும். குழந்தைக்குச் சரியாகாது என்று ஒரு தாள் சொல்லிவிட்டது என்பதற்காகவே பாதியில் வைத்தியத்தை விட்டுவிட்டு வேறு ஏதோ மருந்தைத் தேடிப் போன குடும்பத்தை எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஐந்து வருஷத்தைத் தாண்டிவிடுகிறார்கள். நம் நாட்டில் அவ்வளவு இல்லை. அந்த இடைவெளிக்குப் பெரிய காரணங்கள் தொற்றும், பாதியில் நின்றுபோகும் வைத்தியமும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடும் சிகிச்சை இது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு அடங்கினாலும், வந்து போகும் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள், வீட்டில் இருக்கும் இன்னொரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது எல்லாம் அப்படியே இருக்கும். மல்லி பொழுது விடிவதற்குள் பறித்தாக வேண்டும், பாப்பாவின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த வரிசையில் ஒரு ஆள் குறைவு. மாமா அந்த டெஸ்ட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மாத வாடகைக்கு ஒரு அறை பிடிக்கச் சொன்னேன். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட முடியும் தூரத்தில் குழந்தை இருக்கும். பிடித்துவிட்டார்.

இந்த ஆய்வுகள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வேண்டும், அதுவும் இங்கேயே வேண்டும். நம் குழந்தைகளின் சாப்பாடும் எடையும் தொற்றும் வேறு. பாஸ்டன் குழந்தையின் பிளாஸ்மாவில் கிடைத்த எல்லையை அப்படியே எடுத்துச் சத்தியமங்கலத்துக் குழந்தைக்கு வைக்க முடியாது. எம்.ஆர்.டி.க்கு மஜ்ஜை எடுக்கும் அதே நாளில், பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்கி, ஒரு சின்னக் குழாய் ரத்தத்தையும் எடுத்துப் பிரித்து உறைய வைக்கலாம். எடை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், காய்ச்சல் இருந்ததா என்பதையும் கூடவே எழுதி வைத்தால் சில வருஷங்களில் நமக்கென்று ஒரு கணக்கு வரும். பெரிய இயந்திரம் உடனே தேவையில்லை, ஒழுங்கு தேவை.

ஆய்வகத் தோழர்களுக்கும் வார்டில் ரத்தம் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அஸ்பராஜினேஸ் போட்ட குழந்தையின் குழாயை அனுப்பும்போது, எந்த மருந்து, கடைசி ஊசி எந்தத் தேதி, எத்தனை மணி, ரத்தம் எடுத்தது எத்தனை மணி என்று சீட்டில் எழுதுங்கள். அஸ்பராஜினேஸோடு பெக் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து ரத்தத்தில் நெடுநாள் நிற்கச் செய்த ஊசி என்றால் வழக்கமாக ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் பார்க்கிறோம், பழைய ஈ. கோலை ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன். தேதி இல்லாமல் வரும் எண்ணுக்கு எங்களால் பொருள் சொல்ல முடியாது. அஸ்பராஜின் அளவையே கேட்டிருந்தால் இன்னும் அவசரம், ஏனென்றால் அந்த நொதி குழாய்க்குள்ளும் விடாமல் உடைத்துக்கொண்டேதான் இருக்கும். எடுத்த உடனே ஐஸில் வைத்து, புரதத்தைப் பிரித்து நொதியை நிறுத்தாவிட்டால், மருந்து வேலை செய்யாத குழந்தைக்கும் வேலை செய்கிறது என்று நாங்கள் எழுதி அனுப்பிவிடக்கூடும். பெற்றோர்களும் கேளுங்கள்: "சீட்டுல ஊசி போட்ட தேதி எழுதிட்டீங்களா?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.